கடைசி வரிசைக்கு ஒரு ஸ்பீக்கர்

கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்போம், பெண்ணின் நகையைப் பார்ப்போம், பந்தியில் எத்தனை ஐட்டம் என்று எண்ணுவோம். மேடைக்குப் பக்கவாட்டில், பிளாஸ்டிக் சேரில் தூங்கி வழிகிற ஒரு பையனுக்கு அருகில் கறுப்பாக ஓர் இரும்பு ராக் நிற்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த முகூர்த்தத்தில் ஒரு நிமிஷம் பாருங்கள். மேலே மிக்ஸர். கீழே கனமான ஆம்ப்ளிஃபயர்கள். இரண்டுக்கும் நடுவே ஒண்ணே முக்கால் அங்குல உயரத்தில் ஒரு தட்டைப் பெட்டி, முகத்தில் குட்டிக் குட்டிப் பச்சை விளக்குகள் குதித்துக்கொண்டிருக்கும். நாதஸ்வரம் உச்சிக்குப் போனால் ஒரு மஞ்சள் விளக்கும் எட்டிப் பார்க்கும்.

அதுதான் டி.எஸ்.பி. டிஜிட்டல் சிக்னல் பிராசஸர். எங்கள் பக்கத்து சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சுருக்கமாக 'பிராசஸர்' என்பார்கள். டி.பி.எக்ஸ். கம்பெனியின் டிரைவ்ராக், பெஹ்ரிங்கரின் டி.சி.எக்ஸ். 2496 என்று பல பெயர்களில் உலகம் முழுக்க மேடைகளில் உழைக்கிற ஜாதி. வருகிற சத்தத்தை ஒரு நொடிக்கு 48,000 தடவையோ 96,000 தடவையோ அளந்து எண்ணாக்கிக்கொள்ளும். பிறகு அந்த எண்களை வைத்துக் கணக்குப் போடும். பெரிய கணக்கு என்று பயப்பட வேண்டாம். பெருக்கல், கூட்டல், கொஞ்சம் காத்திருத்தல். இந்த மூன்றை வைத்துக்கொண்டே கனமான ஒலியை ஊஃபருக்கும் கீச்சு ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும், எங்கே ஊளையிடுகிறதோ அங்கே அமுக்கும், பின் வரிசை ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதிக்கும், யாராவது மைக்கைக் கீழே போட்டால் ஸ்பீக்கர் கிழியாமல் தடுக்கும். முடித்துவிட்டு எண்ணை மறுபடி சத்தமாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துவிடும்.

இப்படி ஒரு மண்டபத்துப் பெட்டி எங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் "புது இன்வெர்ட்டரா?" என்று கேட்கிறார்கள்.

எங்கள் ஊர் நாட்றம்பள்ளி. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வாணியம்பாடி தாண்டிக் கிருஷ்ணகிரிக்குப் போகிற வழி. ஏலகிரி மலை கிட்டே இருக்கிறது. பழைய வேலூர் ஜில்லா, 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டம் மாறினாலும் பிழைப்பு மாறவில்லை. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீள்கிற தோல் பிழைப்புதான். ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் தோல் ஷாப்புக்கோ ஷூ கம்பெனிக்கோ காலை பஸ் பிடித்திருப்பார்.

எங்கள் வீட்டில் அப்பா. முப்பத்தொரு வருஷம். அதில் பெரும்பகுதி ஷேவிங் மிஷினில்.

ஷேவிங் மிஷின் என்றால் முகத்துக்கு அல்ல, தோலுக்கு. குரோம் ஏறி நீலமாக, ஈரமாக வரும் தோலை ஒரே கனத்துக்குச் சீவ வேண்டும். சுருள் சுருளாக பிளேடு பதித்த ஓர் உருளை பேய் வேகத்தில் சுற்றும். தோலை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். அது கத்துகிற கத்தில் பக்கத்து ஆளிடம் பேச முடியாது, கை ஜாடைதான். "எங்க மிஷின்ல முதலாளிய திட்டணும்னா சத்தமாவே திட்டலாம்டா, அவர் முன்னாடி நின்னாக்கூட கேக்காது" என்பார் அப்பா. அந்த ஒரு சலுகைக்குக் கொடுத்த விலை பெரிசு.

தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலுக்கு மேல் காதில் விழக்கூடாது என்பது நம் நாட்டு விதி. சத்தத்தால் வருகிற செவிட்டுத்தனம் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. பாலாறு கெட்டதற்கு வேலூர்க்காரர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கினார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்த வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள். காது கெட்டதற்கு எங்கள் தெருவிலிருந்து யாரும் எந்தக் கோர்ட்டுக்கும் போனதில்லை. காது போவது வலிக்காது, நாறாது, நிறம் மாறாது. ஒருநாள் பேரப் பிள்ளை "தாத்தாவுக்கு நான் சொல்றது புரியலை" என்கிறபோதுதான் தெரிகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சத்தத்தில் கெட்ட காது மொத்தமாகக் கெடுவதில்லை. முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு குழி விழும், பிறகு குழி அகலமாகும். அடித்தொண்டைச் சத்தமெல்லாம் கேட்கும். லாரி ஹார்ன், பம்ப் செட், உடுக்கை எல்லாம் நன்றாகக் கேட்கும். பேச்சில் உயிரெழுத்துகள் கீழே இருப்பவை, அவையும் கேட்கும். மெய்யெழுத்துகளின் கூர்மைதான் மேலே இருக்கிறது. ச, ஷ, ஸ, த, ட எல்லாம் அங்கேதான் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. அவைதான் போகும். ஆகவே இவர்கள் "கேக்கலை" என்று சொல்ல மாட்டார்கள். "கேக்குது, புரியலை" என்பார்கள். அதைச் சுற்றியிருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். "அவருக்கு வேண்டியது மட்டும் நல்லா கேக்கும்" என்று ஒரு வசனம் எல்லா வீட்டிலும் உண்டு.

ஒரு சீரியலில் மாமியார் பாத்திரம் "சாவி எங்கே?" என்று கத்தியதை அப்பா "ஆவி எங்கே?" என்று கேட்டு, ரெண்டு வாரம் அதைப் பேய் சீரியல் என்று நினைத்துப் பார்த்தார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு குறைந்துபோயிற்று.

வால்யூம் சண்டை ஆரம்பித்தது. அப்பா ரிமோட்டை 48-ல் வைப்பார். பிளஸ் டூ படிக்கிற என் பெண் உள்ளே காதைப் பொத்திக்கொண்டு கெமிஸ்ட்ரி படிப்பாள். என் மனைவி வந்து 20-க்குக் குறைப்பாள். குறைத்த உடனே அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி. எங்கள் ஹாலில் போன் ஆப் 78 காட்டியது. பக்கத்து வீட்டு அம்மாள் நல்லவள், "உங்க வீட்டு நியூஸ் கேட்டுட்டேன், எங்க வீட்ல தனியா போடலை" என்று மட்டும் சொன்னாள்.

இதைவிட மோசம், அப்பா டி.வி. பார்ப்பதையே விட்டுவிட்டார். திண்ணையில் சேர் போட்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். காது மிஷின் வாங்கலாம் என்றால் "கெழவன்னு போர்டு மாட்டிக்கச் சொல்றியா?" என்றார். டீக்கடைக்குப் போவதும் குறைந்தது. நாலு பேர் பேசும்போது தப்பான இடத்தில் சிரித்துவிடுவோமோ என்கிற பயம் என்று அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

வாணியம்பாடியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற பாய் ஒருவர் என் நெடுநாள் சிநேகிதர். கூம்பு ஸ்பீக்கர் காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். என் தங்கை கல்யாணத்துக்கு அவர்தான் செட். ஒருநாள் கடையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"சார், மண்டபத்துல கடைசி வரிசைக்குக் கேக்கலைன்னா நாங்க மேடை ஸ்பீக்கர ஏத்துவோமா? ஏத்துனா முன்வரிசைல இருக்கறவன் செவுடாயிடுவான். கடைசி வரிசைக்குத் தனியா ஒண்ணு வெப்போம். உங்க நைனாவ கடைசி வரிசைல ஒக்காந்துகீறாருன்னு நெனச்சுக்கோங்க."

எழுந்து உள்ளே போய், மூலையில் கிடந்த ஒரு பழைய பிராசஸரைத் துடைத்து எடுத்துவந்தார். இரண்டு சேனல் உள்ளே, ஆறு சேனல் வெளியே. "இது மண்டபத்துக்கு வயசாயிடுச்சு. வூட்டுக்கு இன்னும் வாலிபம்தான்." கம்பெனி பெயர் எதற்கு, விட்டுவிடுவோம்.

இந்தப் பெட்டியின் வம்சம் சுவாரசியமானது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978-ல் குழந்தைகளுக்கு ஸ்பெல்லிங் கற்றுத்தர ஒரு பேசும் பொம்மை கொண்டுவந்தது. 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்று பெயர். அதன் குரல் ஒரே சிப்பில் கணக்குப் போட்டு உண்டாக்கிய குரல். 1983 வாக்கில் இதே கம்பெனியின் டி.எம்.எஸ். 32010 என்கிற பொது உபயோக சிப் சந்தைக்கு வந்தது. 1985-ல் கம்பெனி பெங்களூரில் கடை விரித்தது. எங்கள் ஊர் வழியாகப் போகிற இதே ரோடு முடிகிற இடத்தில்! இன்றைக்கு கார் ஸ்டீரியோ, செல்போன், ப்ளூடூத் ஸ்பீக்கர் எதைப் பிரித்தாலும் உள்ளே இந்தப் பெருக்கல்-கூட்டல் மிஷின் ஒன்று இருக்கும். மண்டபத்துப் பெட்டியில் உள்ள ஒரே வித்தியாசம், அதன் கதவு திறந்திருக்கிறது. எதைப் பெருக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம்.

சரி, தூக்கிவந்தாயிற்று. மண்டபத்துப் பொருளை வீட்டில் மாட்டுவது ஏரி மதகைச் சமையலறைக் குழாயில் இணைக்கிற மாதிரி. முதல் பிரச்சினை, அளவு. மேடைக் கருவிகள் 1.23 வோல்ட்டை 'சாதாரணம்' என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. வீட்டுக் கருவிகளுக்குச் சாதாரணம் 0.316 வோல்ட். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. டெசிபலில் சொன்னால் 12 வித்தியாசம். பிராசஸரிலிருந்து நேராக வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் கொடுத்தோம். டி.வி.யை அணைத்த பிறகும் ஸ்பீக்கரிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீற்றம். மண்டபத்தில் ஆயிரம் பேர் பேச்சிலும் பாத்திரச் சத்தத்திலும் இது யார் காதில் விழும்? எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு, பல்லி சொல்வதற்குப் போட்டியாகக் கேட்டது.

பெட்டிக்குள்ளேயே வால்யூமைக் குறைத்தால் என்ன என்று தோன்றும். குறைத்தால் பாட்டுதான் குறையும். சீற்றம் பெட்டியின் வாசலில், எண் மறுபடி சத்தமாகிற இடத்தில் பிறப்பது. அது அப்படியே இருக்கும். தவிர, எண்ணில் குறைக்கிற ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஒரு பிட் நுணுக்கம் வீண். சரியான வைத்தியம் நேர் எதிரானது. பெட்டிக்குள் சத்தம் நிறைந்து ஓடட்டும், வெளியே வந்த பிறகு அணை போடு. பாய் கடைப் பையன் ஒயருக்கு ரெண்டு மூணு ரெசிஸ்டர் என்று சின்னதாகச் சால்டர் செய்து 20 டெசிபல் குறைகிற மாதிரி ஒரு தடுப்பு வைத்தான். வோல்ட்டேஜ் பத்தில் ஒன்றானது. பாட்டோடு சீற்றமும் பத்தில் ஒன்றானது. பிறகு ஆம்ப்ளிஃபயரில் கொஞ்சம் திருப்பினால் பாட்டு திரும்பிவிடுகிறது, பல்லி மட்டும் மிச்சம். மொத்தச் செலவு ஒரு பிளேட் ஆம்பூர் பிரியாணிக்குக் கீழே.

இரண்டாவது, 'ஹம்'. கேபிள்காரர் ஒயரைப் பிடுங்கினால் நிற்கிறது, மாட்டினால் வருகிறது. அவருடைய ஒயர் ஓர் இடத்தில் எர்த், நம் வீடு வேறு இடத்தில் எர்த், இரண்டுக்கும் நடுவே ஓடுகிற கரன்ட்தான் அந்த முனகல். ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டதும் தீர்ந்தது. பாய் அன்பாக ஒரு மேடை ஆம்ப்ளிஃபயரும் தருவதாகச் சொன்னார். அதன் விசிறிச் சத்தத்தைக் கேட்ட அம்மா, "இதுக்கு நைனாவோட மிஷினையே வாங்கி வெச்சிருக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் அளவெடுக்கிற மைக்கோடு வந்தார். பென்சில் மாதிரி மெல்லிய மைக். அதை ஹால் நடுவிலோ என் நாற்காலியிலோ வைப்பார் என்று பார்த்தேன். நேராக அப்பாவின் ஈஸி சேருக்குப் போய், உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் வரும் என்று கையால் அளந்து அங்கே ஸ்டாண்டை நிறுத்தினார். ஸ்பீக்கரில் 'பிங்க் நாய்ஸ்' ஓடவிட்டார். தகரக் கூரையில் பெய்கிற மழை மாதிரி ஒரு சத்தம், எல்லா ஸ்தாயியும் அதில் சமமாக உண்டு. லேப்டாப்பில் கோடு வந்தது. சமமாகப் போட்டது சமமாக வரவில்லை. எங்கள் ஹால் ஏலகிரி மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது.

எங்கள் ஹால் நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கான்கிரீட் வீடுகளில் இதே அளவு, மேஸ்திரிக்கு மனப்பாடம். ஒலி, நம் ஊர் 30 டிகிரி சூட்டில், நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். இரண்டு சுவருக்கு நடுவே சரியாக அரை அலை அடங்குகிற ஸ்தாயியில் அறை தானே பாட ஆரம்பிக்கும். 12 அடிக்கு அது 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57-ல் இரண்டு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அதன் இரட்டிப்பான 114-லும் அதே கூட்டு. 114 என்பது ஆண் குரலின் அடித்தளம். செய்தி வாசிக்கிறவர் வாயைத் திறந்தாலே அறை 'ம்ம்ம்' என்று கூடவே ஒத்து ஊதும். தாழ்ந்த சத்தம் எப்போதும் தனக்கு மேலே உள்ள மெல்லிய சத்தத்தை மூடிவிடும், காதின் சுபாவம் அப்படி. நல்ல காதுக்கே அது தொந்தரவு. மேலே ஏற்கெனவே பாதி இழந்த காதுக்கு மிச்சமிருந்த சகர தகரத்தையும் எங்கள் சுவரே தின்றுகொண்டிருந்தது. அப்பா ரொம்ப நாளாக "எல்லாரும் கொடத்துக்குள்ள தலய விட்டுட்டுப் பேசறானுங்க" என்று சொல்லிவந்ததற்கு இதுதான் அர்த்தம். நாங்கள் அதைக் காதின் குறை என்று நினைத்தோம். பாதி வீட்டின் குறை.

பாய் 57-ல் 9 டெசிபல், 114-ல் 6 டெசிபல் வெட்டினார். ஊசி மாதிரி ஒடுங்கிய வெட்டு, பக்கத்து ஸ்தாயிகளைத் தொடாமல். கோட்டில் ஒரு பள்ளமும் இருந்தது. அதை ஏற்றலாமே என்றேன். "பள்ளத்துல மண்ணு கொட்டாதீங்க சார், அடியில ஓட்ட கீது" என்றார். சரியான வார்த்தை. சுவரில் மோதித் திரும்புகிற அலை நேர் அலையை அழிக்கிற இடம் அது. எவ்வளவு ஊற்றினாலும் அழியும். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும், ஸ்பீக்கர்தான் தீயும். மேட்டை வெட்டு, பள்ளத்தை விடு. எதிரொலியையும் பெட்டி தீர்க்காது என்று சொல்லி, ஜன்னலுக்குக் கனமான திரையும், டைல்ஸ் தரையில் ஒரு ஜமக்காளமும் போடச் சொன்னார். இருபது வருஷமாகப் பீரோவில் கிடந்த பவானி ஜமக்காளம் வெளியே வந்தது.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஹை-ஃபை பிரியர்கள் சிலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். "பாட்டின் வழியில் எதையும் குறுக்கே வைக்காதே" என்பது அவர்கள் வேதம். லட்சக்கணக்கில் ஒயர் வாங்குவார்கள், 57 ஹெர்ட்ஸில் சுவர் சேர்ந்து பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் மேடைப் பெட்டிகளின் மெனுவில் 'எல்.ஆர். 24' என்று வருகிறதே, அந்த லிங்க்விட்ஸ்-ரைலி என்பவர்கள் ஹ்யூலெட்-பக்கார்டில் எஞ்சினியர்கள். வேலை நேரம் போக வீட்டு ஸ்பீக்கர் செய்கிற பைத்தியம். ஊஃபரையும் ட்வீட்டரையும் எப்படிப் பிரித்தால் சேருமிடத்தில் மேடு விழாது என்று லிங்க்விட்ஸ் 1976-ல் எழுதிய கட்டுரைதான் பிறகு உலக மேடைகளுக்கெல்லாம் போயிற்று. ஆகவே வீட்டிலிருந்து போனதுதான் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

கடைசியாக, பாய் சொன்ன அந்த 'கடைசி வரிசை'. பெட்டிக்கு ஆறு வாசல். இரண்டு ஸ்பீக்கருக்கு ஊஃபர், ட்வீட்டர் என்று பிரித்ததில் நாலு. சப்-ஊஃபருக்கு ஒன்று. ஆறாவது காலி. கடையிலிருந்து ஒரு நாலு அங்குலச் சின்ன ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தார். மேடையில் பாடகர் காலடியில் வைப்பது. அதை அப்பாவின் சேருக்குப் பக்கத்தில், காதிலிருந்து இரண்டடியில் வைத்து ஆறாவது வாசலைக் கொடுத்தார். அதற்கு மட்டும் தனி வைத்தியம். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்கக் கட். 2,000 முதல் 4,000 வரை எட்டு டெசிபல் ஏற்றம். உச்சத்தில் ஒரு லிமிட்டர், விளம்பரம் வந்து காதில் அறையாமல் இருக்க. (விளம்பரச் சத்தம் மிதமிஞ்சக் கூடாது என்று 1994-ம் வருஷக் கேபிள் விதியிலேயே இருக்கிறது. அந்த விதியை டி.வி.க்காரர்கள் படிக்கும்போது யாரோ வால்யூமைக் குறைத்துவிட்டார்கள் போல.)

பிறகு தாமதம். டி.வி. ஸ்பீக்கர் அப்பாவிலிருந்து 11 அடி, சின்ன ஸ்பீக்கர் 2 அடி. ஒன்பது அடி வித்தியாசம் என்றால் ஒரு நொடியில் ஆயிரத்தில் எட்டு பாகம். பாய் எட்டு வைக்கவில்லை, 15 வைத்தார். முதலில் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் சத்தம் வருகிறது என்று மூளை முடிவுகட்டிவிடும். ஹெல்முட் ஹாஸ் என்கிற ஜெர்மானியர் 1949-ல் இதை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார். பாய் ஹாஸைக் கேள்விப்பட்டதில்லை. "லேட்டா விட்டாத்தான் ஆளு மேடையப் பாப்பான், இல்லேன்னா தூணப் பாப்பான்" என்றார். பட்டம் கொடுக்கலாம்.

டி.வி. வால்யூம் 19. செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "அய்யா, வந்து ஒக்காருங்க" என்று பாய் திண்ணைக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அப்பா பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரைக் கவனிக்கவே இல்லை, டி.வி.யைத்தான் பார்த்தார். அரை நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு செய்தி வாசித்த பெண்ணைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்கு இவ்ளோ நல்ல தமிழா?" என்றார். அந்தப் பெண் மூன்று வருஷமாக எங்கள் வீட்டு ஹாலில் தினமும் வாசித்துக்கொண்டிருப்பவள்.

என் மனைவி அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி ஒரு பழைய காமெடிப் படம். எல்லோரும் சிரித்தபோதே அப்பாவும் சிரித்தார், ஒரு விநாடி பிந்தி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அல்ல. உள்ளே என் பெண் கதவைச் சாத்தாமலே கெமிஸ்ட்ரி படித்தாள்.

இத்தோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பீக்கர் ஈஸி சேருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டீக்கடையில் இல்லை. பஸ்ஸில் இல்லை. பின்னால் வருகிற பைக்குக்கும், பேத்தி காதோரம் சொல்கிற ரகசியத்துக்கும் ஆறாவது வாசல் கிடையாது. போதாததற்கு அப்பாவுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. "அதான் வூட்ல பொட்டி வெச்சாச்சே, இன்னும் எதுக்கு மிஷினு?"

வேலூருக்கு அழைத்துப்போய் ஆடியோகிராம் எடுத்தோம். 4,000 ஹெர்ட்ஸில் 65 டெசிபல் இழப்பு, இடது காது இன்னும் மோசம். டாக்டர் கோட்டைப் பார்த்துவிட்டு, நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே "மில்லா, ஷாப்பா?" என்று கேட்டார். இரண்டு காதுக்கும் மிஷின் எழுதிக் கொடுத்தார். தள்ளிப்போட்டால் அந்த எழுத்துகளை அடையாளம் கண்டுகொள்கிற பழக்கமும் மூளைக்கு விட்டுப்போகும், பிறகு மிஷின் போட்டாலும் பயன் குறையும் என்றார். அப்பா தலையாட்டினார். எவ்வளவு கேட்டது என்று தெரியாது. சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். நாலு மாசம் அது பாக்கெட்டிலேயே இருந்தது, ஒவ்வொரு சட்டையாக மாறி.

போன வாரம் பாய் ஒரு கல்யாண ஆர்டர் முடித்துக்கொண்டு வந்தார். அப்பாவிடம் உட்கார்ந்து, "அய்யா, எனக்கே ரெண்டு வருஷமா ராத்திரில காதுல 'ஙொய்'ங்குது. முப்பது வருஷம் ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னவன். நானும் டெஸ்ட் பண்ணிக்கணும், தனியா போக வெக்கமாகீது. நீங்க வரீங்களா?" என்றார்.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சத்தம் விற்ற கடைக்காரர், சத்தம் வாங்கிய தொழிலாளி.

அந்தக் காது மிஷினுக்குள் என்ன இருக்கிறது என்று பாய் விளக்கினார். 1996 வாக்கிலேயே டென்மார்க் கம்பெனிகள் முழு டிஜிட்டல் காது மிஷின் கொண்டுவந்துவிட்டன. இதே பிராசஸர்தான், இதே வெட்டல், இதே ஏற்றல், இதே லிமிட்டர். மெல்லிய சத்தத்தை அதிகமாகவும் பெரிய சத்தத்தைக் கொஞ்சமாகவும் தூக்கிக் கொடுக்கும். டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிற பெட்டியைக் காட்டி, "இத்த நெகத்தளவு பண்ணிக் காதுக்குப் பின்னால வெச்சா அதான். கடைசி வரிசை உங்க கூடவே வரும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை போவது என்று முடிவாயிற்று. பாயின் டாடா ஏஸில், திரும்பும்போது ஆம்பூரில் சாப்பாடு. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதுவும் குரலைத் தாழ்த்தி.

"வேணும்னா அத ஆஃப் பண்ணிக்கலாம் இல்ல?"

"பண்ணிக்கலாம் அய்யா."

அடுப்படியிலிருந்து அம்மா, "எனக்குக் கேட்டுது" என்றாள்.